நிழல் வேலை

நிழல் வேலை என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்பவருக்கு ஏன் என்று விளங்காது. அவருக்கு மரமும் குளிர்ச்சியும் ஆறுதலும் நினைவுக்கு வரும். எங்கள் சாக்கு ஸ்டோரில் அந்தச் சொல்லுக்கு வேறு கருத்து. அது வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர்களுக்குக் கொடுத்த சலுகை.

ஸ்டோர் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது. ஊரே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டிலிருந்து புதுச் சாக்கு வருவது குறைந்து போனதால் பழைய சாக்குக்கு நல்ல கிராக்கி. கப்பலில் வந்த உரச் சாக்கு, சீனிச் சாக்கு, கந்தளாய் வயல்களுக்குப் போய்த் திரும்பிய சாக்கு என்று எல்லாம் லொறியில் எங்களிடம் வரும். பெண்கள் நாங்கள் அவற்றை உதறி, நல்லது கெட்டது பிரித்து, கிழிசலைத் தைத்துக் கொடுப்போம். தைப்பது வெளியே வளவில். சாக்கை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால்தான் ஓட்டை தெரியும். வளவில் நின்ற ஒரேயொரு வேம்பையும் லொறி திரும்ப இடம் வேண்டும் என்று தறித்துவிட்டார்கள். உதறுவது மட்டும் உள்ளே, தகரக் கூரைக்குக் கீழே. தூள் பறக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த பிறகு, உதறும்போது கதவையும் சாத்தச் சொல்லிவிட்டார்கள். அவருடைய முற்றத்துக்கு வரக்கூடாத தூள் எங்கள் மூக்குக்குள் போகலாம்.

யாராவது முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் கணக்கப்பிள்ளை அவளை வெயிலிலிருந்து எழுப்பி உள்ளே அனுப்புவார். "பிள்ளை, நீ இனி நிழல்ல இரு" என்பார். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவர் அப்படி இல்லை. வெயிலில் யாராவது மயங்கினால் தன் பிளேன்ரீயைக் கொடுத்துவிடுவார். நல்லது செய்கிறோம் என்று நம்பியே அவர் அதைச் செய்தார். நாங்களும் நம்பினோம். நிழல் வேலைக்காகவே சிலர் வாந்தி தொடங்க முன்னமே போய் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். இதை நினைக்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

முதல் பிள்ளைக்கு நானும் ஓடிப்போய்ச் சொன்னவள்தான். கதவு சாத்திய அந்த அறையில், சாக்கின் இரண்டு மூலையையும் பிடித்து உதறு உதறென்று உதறினேன். சில சாக்கில் வெள்ளைத் தூள், சிலதில் மஞ்சள் தூள். சில சாக்கைத் தொட்டால் கை எரியும். அது உரமா, பூச்சி மருந்தா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சாக்கில் எழுதியிருந்தது எங்களுக்குத் தெரியாத பாஷை. பின்னேரம் வீட்டுக்குப் போய் முகம் கழுவினால் தண்ணீர் பால் கலந்ததுபோல ஓடும். இருமல் விடாது. "வயித்துக்க பிள்ளை உதைக்குது, அதுதான் இருமல்" என்றாள் என் மாமி. என் கணவரின் தாய் அவள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு விளக்கம் இருக்கும்.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மருத்துவமாது ஒருவர் சைக்கிளில் வருவார். நல்ல அக்கறையான பெண். கதிரையில் இருந்து, என் கணுக்காலை அமத்திப் பார்த்து, "என்ன வேலைக்குப் போறீங்கள்?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் வாய் திறக்க முன்னம் மாமி பதில் சொல்லிவிட்டாள்.

"நிழல்ல இருந்து செய்யிற வேலை, மிஸி. பாரம் ஒண்டும் தூக்கிறதில்லை."

"அப்ப நல்லது" என்று சொல்லி அவர் கீரை சாப்பிடச் சொன்னார். அந்த ஒரு சொல்லோடு கதை முடிந்தது. நிழல் என்று கேட்ட பிறகு யார்தான் மேலே கேட்பார்கள்?

பிள்ளை பெண். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என்னிடம் தந்தபோது, துணிக்குள் பிள்ளை இருக்கிறதா என்று நான் விரித்துப் பார்த்தேன். அவ்வளவு சின்னன். பால் குடிக்கத் தொடங்குவாள், பிறகு மூச்சு வாங்குவதற்காக விட்டுவிடுவாள். மூச்சும் பாலும் இரண்டும் ஒன்றாக அவளால் ஏலவில்லை. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்க முன்னமே போய்விட்டாள். பெயர் வைக்கக்கூட யாரும் அவசரப்படவில்லை, தெரிந்திருந்தது போல.

அதற்குப் பிறகு நடந்த விசாரணையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவராக வந்து என்னைக் கேட்டார்கள். பப்பாப்பழம் சாப்பிட்டாயா? அன்னாசி? பொழுது சாயும் மைம்மலில் கடற்கரைப் பக்கம் போனாயா? கிரகணத்தன்று என்ன செய்தாய்? என் வாய்க்குள் போனதையெல்லாம் விசாரித்தார்கள், மூக்குக்குள் போனதை ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் ஸ்டோர்ப் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகள் அநேகம் சின்னன்தான் என்பது ஊருக்கே தெரியும். "சாக்குக்காரியளின்ர குஞ்சுகள்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கத் தெரிந்த ஊருக்கு ஏன் என்று கேட்கத் தெரியவில்லை.

அந்த 'ஏன்' எனக்குத் தெரிய வந்தது என் கணவர் வாயால். அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. ஒருநாள் கிணற்றடியில் குளித்துக்கொண்டு பெரிய பெருமையாகச் சொன்னார்.

"இண்டைக்கு ஒரு கப்பல். தூள் மூட்டை. நாங்கள் தொடமாட்டம் எண்டு எல்லாரும் ஒண்டா நிண்டிட்டம். நெஞ்சை அடைக்குது, கண் எரியுது. கடைசியா மூக்குக்குத் துணி தந்து, மாறி மாறி இறங்கச் சொல்லித்தான் வேலை நடந்தது."

"அந்தச் சாக்கெல்லாம் பிறகு எங்க போகும்?" என்று கேட்டேன்.

"மூட்டை வெறுமையானா உங்கட ஸ்டோருக்குத்தான். வேற எங்க?"

சொல்லிவிட்டு அடுத்த வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். மலை மாதிரி ஆம்பிளைகள், தைத்து மூடிய மூட்டையைத் தொடமாட்டோம் என்று நிற்கலாம். அதே சாக்கு, வாய் திறந்து, அடியில் மிச்சத் தூளோடு, கதவு சாத்திய அறைக்குள் வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் வரும். அதுவும் சலுகையாக வரும். அவளை அதற்கு நன்றியும் சொல்ல வைப்பார்கள்.

அந்தத் தூள்தான் என் மகளைக் கொண்டுபோனது என்று நான் கோயிலில் சத்தியம் பண்ணமாட்டேன். நான் டொக்டர் இல்லை. எங்கள் வீட்டில் சாப்பாடும் அவ்வளவுதான், அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த அறைக்குள் இன்னொரு பிள்ளையோடு போகமாட்டேன் என்று அந்தக் கிணற்றடியிலேயே முடிவெடுத்தேன்.

மறுபடி முழுகாமல் இருந்தபோது, மற்றவர்கள் ஓடிப்போய்ச் சொல்லும் விஷயத்தை நான் ஒளித்தேன். சேலையைத் தளர்த்திக் கட்டினேன். வாந்தி வந்தால் மதிலுக்குப் பின்னால் போனேன். எத்தனை நாளைக்கு ஒளிக்க முடியும்? ஒருநாள் கணக்கப்பிள்ளை வளவுக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"என்ன பிள்ளை, சொல்லவே இல்லை! எழும்பு, உள்ள போ."

"நான் வெயில்லயே இருக்கிறன் ஐயா."

"விசர்க் கதை கதையாத. பிள்ளைத்தாச்சியை வெயில்ல வைச்சிருக்கிறன் எண்டு சனம் என்னைத்தான் ஏசும்."

"ஏசட்டும் ஐயா. துறைமுகத்தில ஆம்பிளையள் தொடமாட்டம் எண்ட சாக்கை, வயித்துப்பிள்ளையோட நான் உதறோணுமோ? துணி தந்தீங்களோ? கதவைத் திறந்து விட்டீங்களோ? ஒருக்கா நீங்கள் வந்து உதறிப் பாருங்கோ!"

என் குரல் வீதி வரைக்கும் கேட்டிருக்கும். ஊசியும் சணலுமாக இருந்த பெண்கள் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். ஒருத்தியாவது "ஓம், சரிதானே" என்று சொல்வாள் என்று பார்த்தேன். "நிழல் குடுத்தா வெயில் கேக்கிறா. திமிர்" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் தைக்கத் தொடங்கிவிட்டார்கள். கணக்கப்பிள்ளை, "உன்ர பிள்ளை, உன்ர பாடு" என்று கையை உதறிக்கொண்டு போனார்.

வீட்டில் அதைவிட மோசம். வெயிலில் இருந்தால் பிள்ளை கறுத்துவிடும் என்று மாமி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவளிடம் அடுத்ததன் நிறத்தைப் பற்றிக் கதைக்கிறாள்! "கறுக்கட்டும் மாமி, மூச்சு விட்டாக் காணும்" என்றேன். அவள் துணைக்குத் தன் மகனைப் பார்த்தாள். அவர் என்னிடம், "அந்த மனிசன் நல்லதுக்குத்தானே சொல்லுறார்" என்றார். கப்பலில் கூட்டமாக நின்று மாட்டேன் என்று சொன்ன அதே வாய். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இந்த வயதிலும் முழுதாக ஆறவில்லை. அவருக்குச் சோறு போட்டேன், கதைக்கவில்லை.

வெயில் வேலையும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. தலை சுற்றும், கால் வீங்கும். ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, சாக்கைச் சூரியனுக்குப் பிடித்துப் பிடித்துத் தைத்தேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு உதை கிடைக்கும். அந்த உதைக்காகத்தான் இருந்தேன். நிழலும் காற்றும் இரண்டும் கேட்டால் பேராசை என்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஆகவே காற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிள்ளை பெண்தான். கறுப்பி. கொழுகொழுவென்று, தாதி தூக்கும்போதே வீரிட்டாள். பால் குடித்தால் விடமாட்டாள். மாமி எட்டிப் பார்த்து, "நான் சொன்னனான், கறுத்துப் போச்சுது" என்றாள். நான் சிரித்தேன். அப்படி வாய்விட்டுச் சிரித்து எவ்வளவோ காலம்.

துடக்குக் கழிந்து, பிள்ளைக்கு ஓரளவு தலை நின்ற பிறகு திரும்ப வேலைக்குப் போனேன். கணக்கப்பிள்ளை என்னைக் கண்டு உண்மையாகவே சந்தோசப்பட்டார். "பிள்ளை நல்லாயிருக்கெண்டு கேள்விப்பட்டனான். உனக்கு வெயில் ஒத்துக்கொண்டிருக்கு. முதல் பிள்ளைக்கே நீ வெயில் கேட்டிருக்கலாமே!" என்றார். கேட்டிருக்கலாமே! நான் கேட்காததுதான் பிழையாம். அவரைத் தாண்டி நடந்தேன்.

உள்ளேயிருந்து உதறும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளித் திறந்தேன். தூளுக்குள் ஒரு பிள்ளை நின்றாள், புதிதாகச் சேர்ந்தவள், வயிறு நன்றாகத் தெரிந்தது. கண்ணெல்லாம் சிவந்து, இருமி இருமி உதறிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் கையிலிருந்த சாக்கைப் பிடித்து இழுத்தேன். "இது வேண்டாம். வெளியில வா" என்றேன். அவள் விடவில்லை. நான் இழுக்க அவளும் இழுத்தாள். பிறகு பயந்துபோய், சாக்கை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, நீங்கள் பெத்திட்டீங்கள்தானே. என்ர நிழலைப் பறிக்காதேங்கோ."