டிக் விழாத கட்டங்கள்

போன வருடம் ஐப்பசி, கார்த்திகையில், கொடைக்கானலில் அக்காவும் நானும் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது. வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

1. அக்காவுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. தினசரி மாத்திரை தொடங்கினாள். விஷயம் எங்கள் இருவரோடு சரி.

2. நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். காய்ச்சல், வாய்ப்புண், குமட்டல், வயிற்றுப்போக்கு, ராத்திரி வியர்வை. எது இருந்தாலும் டிக் போட வேண்டும். மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

3. முதல் வாரம் வாய்ப்புண்ணுக்கு ஒரு டிக். அதன்பின் ஒன்றரை மாதம் ஒன்றுகூட இல்லை.

4. மருந்து நன்றாக ஒத்துக்கொண்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா என்னை நிறுத்தினார். “ஏம்மா, ஒங்கக்கா தெனமும் வெள்ளனே எந்திரிச்சு பெட்ஷீட்டத் தொவைக்குதே, இந்த மழையில எங்கிட்டு காயும்? கொடியில ஈரமாவேல்ல கெடக்கு.”

ராத்திரி வியர்வைக் கட்டம் காலியாகவே இருந்தது நினைவுக்கு வந்தது. உள்ளே போய் அக்காவிடம் சுவெட்டரைக் கழற்றச் சொன்னேன். தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இந்த ஊரில் எல்லோரும் நாள் முழுக்க சுவெட்டரோடுதான் இருப்போம். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“ஒரு டிக் போட்டா நீ ஒம்பது கேள்வி கேப்ப” என்று சிரித்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வாய்ப்புண்ணுன்னு போட்ட மறுநாளே என் டம்ளரத் தனியா எடுத்து வச்சியேடி. நான் கவனிக்கலன்னு நெனச்சியா?”

வைத்திருந்தேன். யோசித்துச் செய்யவில்லை, ஆனால் செய்திருந்தேன். டம்ளரால் எச்.ஐ.வி. பரவாது என்று முன்பொருமுறை அலுவலக விழிப்புணர்வுக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவள் நான்.

மறுநாள் மலையிறங்கி மருத்துவமனைக்குப் போனோம். காசநோய் என்றார்கள். “ஒரு மாசம் முன்னாடியே வந்திருக்கணுங்க” என்றார் டாக்டர். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “நாந்தாங்க அசால்ட்டா இருந்துட்டேன்” என்றாள்.

காசநோய்க்கான மருந்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டாள். எச்.ஐ.வி. மாத்திரை தொடர்கிறது. இழந்த எடை முழுதாகத் திரும்பவில்லை. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் தனியாக வீடு பார்த்துக்கொண்டாள். மாதம் இரண்டு முறை போகிறேன். ஆசையாகச் சமைத்துப் போடுகிறாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், “நல்லாருக்கேன்” என்கிறாள். அது நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. அழுத்திக் கேட்கும் உரிமையை நானே இழந்துவிட்டேன்.