கல்யாண வண்டியும் மிச்சப் பெயிண்டும்

புட்டும் பயறும் தட்டில் விழுந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கொட்டாரத்தில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் தங்கராஜ் அண்ணாச்சி. அன்று அவர் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம், எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார். ஆனால் கல்யாண வீட்டுக்காரர் காலையிலேயே ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அது பந்திக்கு அல்ல என்று தெரியாதா?

"மக்கா, வண்டி செல்ஃப் எடுக்கல்ல. டக்குன்னு ஒரு சத்தம், பொறவு சும்மா கெடக்கு. சர்ச்சுக்குப் போணும், ஓடி வா."

புட்டை மூடி வைத்துவிட்டு டூல் பையோடு ஸ்கூட்டரை எடுத்தேன்.

முற்றத்தில் அவருடைய பழைய பெட்ரோல் கார் பூ அலங்காரத்தோடு பானட்டைத் திறந்து நின்றது. சுற்றிலும் வெள்ளை வேட்டிகள். கல்யாணத்துக்கு வந்த ஆண்கள் அத்தனை பேரும் அன்று மெக்கானிக். ஒருவர் பேட்டரி போச்சு என்றார், இன்னொருவர் செல்ஃப் மோட்டாரே போச்சு என்றார். துபாயிலிருந்து வந்திருந்த மகன் ஜெபின் ஒரு வாடகைக் காரை ஏசி போட்டுத் தயாராக நிறுத்தியிருந்தான்.

"தள்ளுனா ஸ்டார்ட் ஆவுதா?" என்று கேட்டேன்.

"ஆவுது மாமா. அதுக்கு? சர்ச்சுல இருந்து வரும்போ மாப்பிள்ளைய எறக்கி தள்ளச் சொல்லவா?" என்றான் ஜெபின். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணாச்சியைத் தவிர.

அவர் என்னைத் தென்னை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அந்த வண்டியில டிரைவர் இருப்பான். ஜெபின் முன்னால ஏறுவான். சொந்தக்காரப் பிள்ளையளெல்லாம் பின்னால ஏறும். எனக்கு எங்க மக்கா எடம்? இதுல நானும் அவளும் மட்டும் போவோம். நாளைக்கு அவ வேற வீட்டுக்காரி. சர்ச் வரைக்கும் போற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேணும், கேட்டியா?"

எனக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. வேலையைப் பார்ப்போம் என்று பானட்டுக்குள் தலையை விட்டேன்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. பேட்டரி வீக் என்றால் அங்கேயே மங்கியிருக்கும். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலினாய்டு 'டக்' என்கிறது, ஆகவே இக்னிஷன் சுவிட்சும் அதன் வயரும் நிரபராதிகள். இன்னும் ரெண்டு தடவை திருப்பச் சொல்லிவிட்டு, யாரும் தொட்டுப் பார்க்காத சோக் கேபிளைத் தொட்டேன். சுட்டது!

சோக்கை இழுத்து விடுவதற்கென்று டாஷ்போர்டிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய கம்பி அது. அதற்கு ஏன் சூடு? செல்ஃப் மோட்டாருக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப நல்ல வழி இல்லாமல், கிடைத்த சந்தில் நுழைகிறது. அந்த வழிக்கென்று இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற எர்த் பட்டையில்தான் கோளாறு என்று குனிந்து பார்த்தேன். பட்டை இருந்தது. போல்ட்டும் டைட். ஆனால் பட்டைக்கு அடியில் பச்சை நிறம் பளபளத்தது. வீட்டு கேட்டும் அதே பச்சை.

"அண்ணாச்சி, இதுல பெயிண்ட் அடிச்சியளா?"

"பின்னே? கடல் காத்துல துரு ஏறிரும்லா. கேட்டுக்கு அடிச்சதுல மிச்சம் கெடந்துது. பட்டையக் கழத்தி, அடியில ரெண்டு கோட்டிங் குடுத்து, நல்லா காஞ்ச பொறவு நேத்துதான் மாட்டுனேன்." அவ்வளவு பெருமை அவருக்கு.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் சுவர், கேட், கிணற்றுக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் பெயிண்ட் ஏறும். வண்டி மட்டும் தப்புமா? பெயிண்டுக்குள் கரண்ட் போகாது என்று நான் சொன்னதும் அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. ஜெபின் வாயைத் திறக்குமுன் எமரி பேப்பரை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பட்டையைக் கழற்றினேன். பட்டுச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு அவனே தேய்த்தான், பாவம். இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் பட்டையை வைத்து போல்ட்டை முறுக்கி, துரு ஏறாமலிருக்க மேலே வாஸ்லின் தடவினேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வண்டிக்கு என்ன கேடு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியாக அதற்கு என்ன நல்லது செய்தீர்கள் என்று கேளுங்கள். பாதிக் கோளாறு அந்தப் பதிலில் இருக்கும்.

சொந்தக்காரப் பெண்கள் ஓடி வந்து பின்கதவைத் திறந்தார்கள். "இதுல ஒருத்தரும் ஏறாண்டாம்," என்றார் அண்ணாச்சி. ஷீபா முன்சீட்டில் அப்பா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன்.

சர்ச் வாசலில் வண்டி நின்றது. அண்ணாச்சி இன்ஜினை அணைக்கவில்லை. ஷீபாவும் இறங்கவில்லை. இருவரும் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். நேரமாயிற்று என்று ஜெபின் கதவைத் திறக்கப் போனான்.

அவன் கையைப் பிடித்தேன். "கொஞ்சம் நில்லு மக்கா. அவியளே எறங்கட்டு."