சிவப்பை எடுக்கும் சொட்டு மருந்து

அண்ணாச்சி, என் சித்தியின் இடது கண்ணை அவித்தது நீங்கள்தான். வெடிமருந்து இல்லை, தலைவிதி இல்லை, கண்திருஷ்டியும் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிற நீங்கள்.

இருபது வருடம் ஆகிறது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் தங்கை எங்கள் வீட்டில் இருந்துதான் பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்வந்தாள். சரவெடி பின்னுகிற வேலை. அவள் பின்னும்போது விரலைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும்.

தை மாதக் கடைசியில், வெம்பக்கோட்டைப் பக்கம் பெரியப்பாவின் காட்டில் மக்காச்சோளக் கதிர் ஒடிக்க ஆள் கிடைக்கவில்லை. சொந்தக்காரர் கூப்பிட்டால் மறுக்க முடியாது. லோடு ஏற வேண்டிய ஆர்டர் இருக்கும்போது போர்மேனிடம் லீவும் கேட்க முடியாது. சித்தி காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டுக் காட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் தொற்றிக்கொண்டேன்.

காய்ந்த தோகை ஒன்று சர்ரென்று அவள் கண்ணில் கீறியது. கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். "ஊது புள்ள, ஊது" என்றாள். சேலை முந்தானையைச் சுருட்டி ஒற்றினாள். நான் கன்னம் வலிக்க ஊதினேன். பிறகு, "யாருகிட்டயும் சொல்லிராத. போர்மேனுக்குத் தெரிஞ்சா வேன்ல ஏத்தமாட்டான்" என்றாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டது. வேனுக்கு நின்ற பெண்கள் விடவில்லை. "காய்ச்சல்ல படுத்தியா, இல்ல எவனையாச்சும் நெனச்சு அழுதியா புள்ள?" என்றாள் ஒருத்தி. "வெடிமருந்துத் தூசிதான்க்கா, சும்மா இருங்க" என்றாள் சித்தி. அவ்வளவுதான், எல்லோரும் நம்பினார்கள். எங்கள் பக்கம் கண் சிவந்தால் அது கம்பெனித் தூசிதான். வேறு காரணத்தை யாரும் யோசிப்பதே இல்லை.

சாயங்காலம் என்னை உங்கள் கடைக்கு அனுப்பினார்கள். "சித்திக்குக் கண்ணு செவந்திருக்கு" என்றேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அட்டைப் பெட்டியிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்து வைத்தீர்கள். "பட்டாசுக் கம்பெனியா? இதப் போடச் சொல்லு பாப்பா, நாளைக்கே வெள்ளையாயிரும்." ஒரு புளிப்பு மிட்டாயும் கொடுத்தீர்கள்.

நீங்கள் சொன்னது பலித்தது. மறுநாளே சிவப்பு வடிந்தது. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சித்தி பின்னாலேயே அலைந்தேன், "பாரு, பாரு" என்று. ஆனால் வலி குறையவில்லை. வெயிலைப் பார்த்தால் தண்ணீர் கொட்டியது. கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. மறுபடி ஓடினேன். "வலிக்குதாம், வெள்ளையா ஒண்ணு தெரியுதாம்." நீங்கள் இன்னொரு பாட்டில் எடுத்தீர்கள். "மூணு வேளைக்கு ஆறு வேளை போடச் சொல்லு."

மூன்று வாரம். நான்கு பாட்டில். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டுப் புள்ளியைத்தான் பார்ப்பேன். எந்தப் பாடமும் மண்டையில் ஏறவில்லை. குருணை முழு அரிசியானது, பிறகு கருவிழி பாதியை மூடியது. சித்தி பின்னிய சரம் கோணிக்கொண்டு போக, போர்மேன் அவளைத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "கண்ணுல ஏதாவது பட்டுச்சா?" என்பதுதான்.

"பட்டாசுத் தூசிங்க" என்றாள் சித்தி.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெஞ்சில் நெளிந்தேன். "இல்ல, சோளத் தோகை கீறுச்சு" என்று கத்திவிட்டேன். சித்தி என் தொடையைத் திருகினாள்.

டாக்டரம்மா கண்ணை மரக்கச் செய்து, மெல்லிய தகட்டால் புண்ணைச் சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினார். பரிசோதனை அறையில் இருந்த அக்கா என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்டார். கிளை கிளையாக நூல்கள். பூஞ்சையாம். தோகையில் இருந்தது கீறல் வழியே இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா உங்கள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யாரு எழுதிக் கொடுத்தா? இது சிவப்பை மட்டும்தான் அமுக்கும். உள்ள இருக்கிற பூஞ்சைக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கீங்க."

முதலில் மணிக்கொரு தரம், பிறகு குறைத்துக் குறைத்து ஆறு மாதம் மருந்து விட்டோம். புண் ஆறியது, பார்வை திரும்பவில்லை. கருவிழி இருந்த இடத்தில் பால்வெள்ளைத் தழும்பு. சித்தி அதன் பிறகு சரம் பின்னவில்லை.

சிவப்பு போனபோது நான் குதித்தேனே, அந்தச் சிவப்பு என்னவென்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. உடம்பு பூஞ்சையோடு சண்டை போட்ட சிவப்பு அது. அந்தச் சண்டையை நிறுத்தும் மருந்தை, வாயில் மிட்டாயோடு, நான்கு முறை ஓடி ஓடி வாங்கி வந்தது நான்தான். பல வருடம் என் சத்தியத்தையே குற்றம் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: டாக்டரம்மா கேட்டதும் சொல்லிவிட்ட பிள்ளை நான்; நீங்கள் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

போன மாதம் உங்கள் கடையில் நின்றேன். கண் சிவந்த ஒரு டிரைவருக்கு அதே மாதிரிச் சின்னப் பாட்டிலை எடுத்து வைத்தீர்கள். எந்தச் சீட்டும் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை.

அண்ணாச்சி, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். காலையில் கம்பெனி வேனுக்கு உங்கள் கடை வாசலில்தான் அத்தனை பெண்களும் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் வந்து சொல்லுங்கள்: எந்த டாக்டர் எழுதிக் கொடுத்து அந்த நான்கு பாட்டிலை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தீர்கள்?