அலாரிப்போடு சரி

நடனத்தில் எதுவரை படித்தீர்கள் என்று யாராவது கேட்டால், "அலாரிப்போடு சரி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். பாவம், கால் வரவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கால் நன்றாகவே வந்தது. என்னோடு படித்த ஒருத்திக்கும் அப்படி வரவில்லை. இதைச் சொல்ல இந்த வயதில் எனக்கென்ன வெட்கம்?

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் எங்கள் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தார். எங்களைப் போன்ற வீட்டுப் பெண்பிள்ளைகள் ஆடுவதாவது! நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப்பின் மனைவி, தன் மகளுக்காகக் கோயமுத்தூரிலிருந்து ஒரு வாத்தியாரை வரவழைத்து வீட்டுக் கூடத்திலேயே வகுப்பு வைத்தார். துணைக்கு நாலு பிள்ளைகள் வேண்டும் என்று கடைக்கே வந்து கேட்டார். முன்சீப் வீட்டம்மா கேட்டால் எந்த வியாபாரி மறுப்பான்? நானும் என்னைவிட மூன்று வயது சின்னவளான தங்கையும் வகுப்பில் சேர்ந்தோம்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வாத்தியார் காப்பி குடிப்பார், வெற்றிலை போடுவார், தட்டுக்கழியை எடுத்து மரக்கட்டையில் ஒரு தட்டுத் தட்டுவார். உடனே எல்லோரும் அரைமண்டியில் உட்கார வேண்டும். முதலில் தட்டடவு. முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிய, முதுகு நிமிர்ந்திருக்க, பாதம் தரையில் பட்டென்று விழ வேண்டும். அது மூன்று கால வேகத்திலும் வந்தால்தான் நாட்டடவு. இப்படி ஒவ்வோர் அடவாகத் தாண்டி முடித்தபிறகு அலாரிப்பு. கண், கழுத்து, தோள் என்று தொடங்கி உடம்பு முழுவதும் மெல்ல எழுந்து வருகிற முதல் உருப்படி அது. ஆனால் அதையும் வெறுங்காலில்தான் பழக வேண்டும். சலங்கை பூஜை போட்டு, உறவும் ஊரும் பார்க்க அலாரிப்பு ஆடினால்தான் அடுத்த உருப்படியான ஜதீஸ்வரத்துக்குப் போகலாம்.

"சலங்கை கட்டாதவளுக்கு ஜதீஸ்வரம் கிடையாது" என்பார் வாத்தியார். அவர் வார்த்தைக்கு அப்பீல் இல்லை.

முன்சீப் மகளும் நானும் ஒரே வாரத்தில் அலாரிப்பை முடித்தோம். அவளுக்கு அடுத்த மாதமே பூஜை நடந்தது. நாங்கள் சாப்பிடப் போனோம். அங்கே முன்சீப் மனைவி என் அம்மாவிடம், "உங்க பெரியவளுக்கும் சட்டுனு பண்ணிடுங்கோ, நன்னா ஆடறாளே" என்றார்.

"பண்ணீரலாமுங்க. சின்னவளும் அந்தப் படிக்கு வந்துரட்டும். எங்கூட்டுல எல்லாம் ஒண்ணாத்தானுங்க செய்வோம். காது குத்தறதும் ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் குத்துனோம்" என்றாள் அம்மா.

என் நடனம் முடிந்தது அந்த இலையில்தான். பாயசத்துக்காகக் காத்திருந்த எனக்கு அப்போது அது தெரியவில்லை.

அம்மாவைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஒரம்பறையை, அதாவது உறவுக்காரர்களை, இரண்டு தடவை கூப்பிட்டால் யாராவது முறுக்கிக்கொள்வார்கள். ஒருத்திக்குச் செய்து ஒருத்தியை விட்டால் விடுபட்டவள் ஏங்கிப்போவாள். அதனால் பெரியதுக்குத் தயாரானதைச் சின்னதுக்காக நிறுத்திவைப்பார்கள். காது குத்துவதற்கு நிறுத்தினால் காதுக்கு ஒன்றும் ஆவதில்லை. நடனத்துக்கு நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெண்பிள்ளை பெரியவளானால் வகுப்பை விட்டு நின்றாக வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் ஒரு ஆள் இல்லை. எனக்கு அப்போது பதினொன்று முடிந்திருந்தது.

தங்கை தட்டடவிலேயே கிடந்தாள். அரைமண்டியில் உட்காரச் சொன்னால் தொடை வலிக்கிறது என்று அழுவாள். வாத்தியார் தட்டுக்கழியை ஓங்கினால் முன்சீப் மனைவியின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு வயிறு எரியும். அவள் ஒளிந்துகொண்ட ஒவ்வொரு நாளும் என் கணக்கில்தான் கழிந்தது.

ஆகவே நானே அவளைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கடைக்குப் பின்னால் துணிமூட்டை இறக்கும் அறையில் அவளை நிறுத்துவேன். முழங்கால் நிமிர்ந்தால் தட்டுவேன், முதுகு வளைந்தால் கிள்ளுவேன். "அக்கா, போதுமக்கா" என்று கெஞ்சுவாள். "நாட்டடவு வந்தா விட்டர்றேன்" என்பேன். அது வந்ததும் அடுத்ததைப் பிடிப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் காலில் சத்தம் ஏறியது. வாத்தியார், "சின்னக்குட்டி தேறிட்டாளே!" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

அதற்குள் முன்சீப் மகள் ஜதீஸ்வரம் முடித்து, சப்தம் முடித்து, வர்ணத்தில் கால் வைத்திருந்தாள். வகுப்பில் அவள் நடுக்கூடத்தில் ஆடுவாள். நான் சுவரோரம் நின்று, புதிதாகச் சேர்ந்த குழந்தைகளுக்குத் தட்டடவு காட்டிக்கொண்டிருப்பேன். ஓரக்கண்ணால் பார்த்தே ஜதீஸ்வரம் முழுவதையும் நான் பாடம் பண்ணிவிட்டேன். ஒருநாள் எல்லோரும் இடைவேளையில் உள்ளே போனபோது, துணிந்து நடுக்கூடத்துக்குப் போய் அதை ஆடினேன். வாத்தியார் வெற்றிலையோடு வாசலில் நின்று பார்த்திருக்கிறார். ஆடி முடித்ததும் கேட்டார்:

"யார் உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"ஆருமில்லீங்க. பாத்தேனுங்க."

"பாத்தா ஆயிடுமா? போ, சுவத்துக்கிட்ட போய் நில்லு."

போய் நின்றேன். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை என் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். 'பெரியவளை இனி நிறுத்தாதீர்கள்' என்று சொல்ல அவருக்கு என்ன கேடு? நான் அடுத்த உருப்படிக்குப் போய்விட்டால் குழந்தைகளுக்கு அடவு காட்ட ஆள் இல்லை, அவரே குனிந்து நிமிர வேண்டும். அவ்வளவுதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

தங்கை ஒருவழியாக அலாரிப்பை முடித்தாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தை மாதத்தில் நாள் பார்த்தார்கள், வீட்டு வாசலில் பந்தலுக்குச் சொன்னார்கள், இரண்டு ஜோடிச் சலங்கை வந்து பூஜை மாடத்தில் ஏறியது. நான் போகும்போதும் வரும்போதும் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். தொட விடமாட்டார்கள்.

பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் பெரியவளானேன்.

அம்மா முதலில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து எல்லாவற்றையும் அழகாக மாற்றி அடுக்கிவிட்டாள். தீட்டு கழிகிறவரைக்கும் சலங்கை பூஜையைத் தள்ளிப்போட்டாள். கழிந்த நாளில் காலையில் எனக்குத் தெரட்டி என்கிற பூப்புச் சீர், மாலையில் தங்கைக்குச் சலங்கை. வருகிற ஒரம்பறை இரண்டையும் பார்த்துவிட்டுப் போகலாம். தென்னை ஓலைக் குச்சுக்குள் இருந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். 'தீட்டுத்தான் கழிந்துவிடுமே, நானும் ஆடினால் என்ன?' என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். வெளியே கேட்கத் தைரியமில்லை.

எனக்காக முன்சீப் மனைவி கேட்டார். "அலாரிப்பு மட்டும் ஆடட்டுமே, கொஞ்ச நேரந்தானே" என்றார்.

சீர்த்தட்டு கொண்டுவந்திருந்த தாய்மாமன் சிரித்தார். "சீர் பண்ணி உக்கார வெச்ச புள்ளய ஆட உடறதாங்க? நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

அப்பா தரையைப் பார்த்தார். வாத்தியார் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

மாலையில் பட்டுச்சேலையில் என்னைப் பெண்கள் வரிசையில், அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தங்கை சலங்கையோடு வந்து நின்றாள். கண் அசைந்தது, கழுத்து அசைந்தது. அப்புறம் நின்றுவிட்டாள். தட்டுக்கழி போய்க்கொண்டே இருக்கிறது, அவளுக்கு அடுத்தது மறந்துபோய்விட்டது. கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுகொண்டாள். நான் தோளை அசைத்துக் காட்டினேன். பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. சேலைக்குள் என் குதிகால் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. அம்மா என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

"கால ஆட்டாத அம்மிணி. ஒரம்பறை பாக்குது."

ஆடி முடிகிறவரை கையை எடுக்கவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. அத்தனை ஆத்திரம்.

மாடத்தில் மிஞ்சிய என் சலங்கையை, வீணாகக் கிடக்கிறதே என்று அப்பா கடை வண்டி மாடுகளின் கழுத்தில் கட்டச் சொல்லிவிட்டார். மாடுகளுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

மூன்று வருஷம் கழித்துத் தங்கை பெரியவளானாள். அவளை யாரும் நிறுத்தவில்லை. அதற்குள் புது மாநிலம் வந்து, பள்ளிக்கூடங்களில் நடனப் போட்டி வைத்து, ஆடுகிற பெண் இருந்தால் வீட்டுக்கே பெருமை என்றாகியிருந்தது. அதே மாமன் அவள் அரங்கேற்றத்துக்கு மாலை வாங்கி வந்தார். அப்போது எனக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தை இருந்தது. குழந்தை அழுததால் அவளுடைய வர்ணத்தைப் பாதிக்குமேல் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பாலக்காட்டிலிருந்து அப்பாவின் சிநேகிதர் மனைவியோடு வந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "இவளும் ஆடுவாளா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"மூத்தவளுக்கு இதுல எல்லாம் இஷ்டமே இல்லீங்க. கொஞ்ச நாளு போனா, அப்பறம் அவளே உட்டுட்டா. சின்னவளுக்குத்தான் இது உசுரு" என்றாள் அம்மா.

அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமில்லை. அப்படித்தான் நடந்தது என்று உண்மையாகவே நம்பியிருந்தாள்.

"அப்படியா?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க" என்று சொல்லி, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.