கரண்டி மைக்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான். என் மகள், வயது ஒன்பது. விளையாட்டு நடத்துகிற நர்சக்கா. பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகன். தெருப் பிள்ளைகள் கொஞ்சம் பேர். என் வீட்டுக்காரர் இல்லை.

அவர் பங்குனியில் பெங்களூருக்கு வேலை தேடிப் போனார். முதலில் போனை எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரே இல்லை என்றது. தெருவில் என்னை யாரும் கேட்கவில்லை. மகளைத்தான் கேட்டார்கள். "அப்பா எப்பம்மா வர்றாரு? போன் பண்ணாரா?" பக்கத்து வீட்டுக்காரி தினம் கேட்டாள். கேட்கக் கேட்கப் பிள்ளை பேச்சைக் குறைத்தது. பள்ளிக்கூடத்தில் அடியோடு நிறுத்திவிட்டது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "வாயே தொறக்கலன்னா நாங்க வெச்சுக்க முடியாதும்மா. வேற ஸ்கூல் பாருங்க." நான் கடையில் சேலை மடிக்கிறவள். வேறு எங்கே போய்ப் பார்ப்பது?

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே பிள்ளைகளுக்குப் பேச்சு விளையாட்டு. மரக்கரண்டிதான் மைக். பையில் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் யார் என்று எழுதியிருக்கிறதோ அந்த ஆளாகப் பேச வேண்டும். கடைசிச் சுவரோரம் பெரியவர்களும் முறை முடிந்த பிள்ளைகளும் நிற்போம். காதில் விழுந்தால் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காய்கறி வண்டி வந்தது. "கத்திரிக்காய்! கத்திரிக்காய்! உள்ள பூச்சி இருந்தா அதுக்குக் காசு வாணாம்மா!" எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்து என் மகள். சீட்டை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"அது பேசாதுக்கா. சைலண்ட் மோடு" என்றான் அவன். அவன் அம்மா அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

நர்சக்கா சீட்டை வாங்கிப் படித்தார். "கருட சேவை. போலீஸ் பந்தல் மைக்."

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருக்காது. பெருமாள் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் யார் தொலைந்தாலும் அந்தப் பந்தலில்தான் அறிவிப்பு. என்ன சட்டை, என்ன வயது, எங்கே வந்து சேர வேண்டும்.

மகள் கரண்டியை வாய்க்குக் கிட்டே கொண்டு போனாள். உதடு மட்டும் அசைந்தது. ஒரு கையும் எழவில்லை.

"பின்னாடி கேக்கலையாம், செல்லம்" என்றார் நர்சக்கா.

மகள் எங்களைப் பார்த்தாள். மறுபடி தொடங்கினாள்.

"பக்தர்கள் கவனத்துக்கு. ஊதா கலர் கட்டம் போட்ட சட்டை. வயசு முப்பத்தெட்டு. புருவத்துல தழும்பு இருக்குது. அவரைக் காணோம். பாத்தவங்க எங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு வாங்க. யாரும் அவரை எதுவும் கேக்க மாட்டாங்க."

சிரிப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி தரையைப் பார்த்தாள். மகள் கரண்டியை இறக்கவில்லை. எங்கள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலில் அந்தப் பையன் கையைத் தூக்கினான். பிறகு மற்றப் பிள்ளைகள். பிறகு அவன் அம்மா.

என் கையையும் சேர்த்து ஆறு.