குருவி ஓட்டிய ஏச்சு

நான் திட்டினால் என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதை. அதனால், ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் திரும்பிக்கொண்டிருந்த ஒரு நாள், எங்கள் சாமைக் கொல்லையிலிருந்து என் குரலே கத்தியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"யோவ், காது இன்னா செவுடா? பொண்ண காலேஜில சேத்துவுடுன்னு எத்தினி வாட்டிய்யா சொல்றது? வெள்ளிக்கெயம கடைசி நாளு. வேலூரு இன்னா சீமையிலயா கீது? மனுசனா நீ, மரமா?"

முந்தின நாள் சாயங்காலம் நான் திட்டியது அது. ஒரு சொல் குறையவில்லை. கொல்லை நடுவில் கம்பு நட்டு, அதில் அவர் தன் பாட்டுப்பெட்டியைக் கட்டியிருந்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பாட்டும் பாடும், பேசுவதைப் பதிவும் செய்யும். நான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் அதை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

"குருவி கிட்டவே வர்ல பாருமே," என்றார். முகமெல்லாம் பூரிப்பு. "தகரம் தட்டிப் பாத்தேன், சீலத்துணி கட்டிப் பாத்தேன், ஒண்ணுத்துக்கும் மசியல. உன் சத்தம் கேட்டுச்சி, எல்லாம் ஓடிப்போச்சிங்க."

எனக்கு உச்சந்தலை எரிந்தது. மகள் பன்னிரண்டாவது முடித்து, வேலூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் வாங்கியிருந்தாள். நேரில் போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி. கேட்டால், கதிர் முற்றி நிற்கிறது, குருவிக்கு விட்டுவிட்டு எங்கே வருவது என்பார். நான் கூட்டிப்போகிறேன் என்றால், "பொம்பளைங்க போய் இன்னா பேசுவீங்க? நானே வர்றேன், பாக்கலாம்," என்பார். பாக்கலாம், பாக்கலாம் என்றே என் பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போடப் பார்த்தார். பத்தாவதோடு என்னை நிறுத்திய என் அப்பாவும் இதே 'பாக்கலாம்' சொன்னவர்தான்.

பொழுது விடிந்தால் பெட்டியில் என் ஏச்சு ஆரம்பிக்கும், பொழுது சாய்ந்தால்தான் நிற்கும். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பது மலையில் இருக்கிற குருவிக்கெல்லாம் தெரிந்துபோனது. பக்கத்துக் கொல்லையில் குருவி ஓட்டிக்கொண்டிருந்த என் ஓரகத்தி, "யக்கா, எங்க கொல்லிக்கும் ரெண்டு திட்டு அனுப்பேன்," என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. காலையில் கொல்லைப் பக்கம் சத்தமே இல்லை. பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடிவந்தார். விளக்கு எரிகிறது, பேச்சு வரவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. உதறினார், தட்டினார், ஊதினார். பிறகு முகம் கழுவினார். கொடியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்க கெளம்பிட்ட?" என்றேன்.

"கீழ ஒடுகத்தூரு கடையில இத்த காட்டினு வந்துட்றேன். அதுவரிக்கும் நீ கொல்லிய பாத்துக்கமே."

பெற்ற பெண்ணுக்காக இறங்காத மலையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காக இறங்கப் போகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் வந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"குடு நைனா. ஹேங் ஆயிருக்கும்," என்று வாங்கிப் பார்த்தாள். "எம்மா, ஊக்கு ஒண்ணு குடு."

என் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். பெட்டியின் அடியில் கடுகளவு ஓட்டை ஒன்று இருந்தது. அதில் ஊக்கின் முனையை விட்டு அழுத்திப் பிடித்தாள். விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். "யோவ், காது இன்னா செவுடா?" என்று வீடு அதிரக் கத்தினேன் நான், பெட்டிக்குள்ளிருந்து.

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"இதுக்குத்தான் வூட்ல படிச்ச பொண்ணு ஒண்ணு வோணும்ன்றது," என்றார். "இவ போய்ட்டா இத்த யாரு பாக்கறது?"

மகள் ஊக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கினேன். அடுப்பில் களிக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதில் போட்டேன். என் குரல் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் குளறிவிட்டு நின்றது.

"அடிப்பாவி, கொல்லிக்கு இன்னாமே பண்றது?" என்றார்.

"உனுக்கு வாய் இல்ல? நீ போய் கத்து," என்றேன். மகளைப் பார்த்தேன். "பைய எடு. பஸ்ஸு வந்துடும்."

எங்கள் கொல்லையை ஒட்டித்தான் பஸ் திரும்ப வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாமைக்கதிர் மேல் குருவிகள் கூட்டமாக இறங்கியிருந்தன. அவர் துண்டைச் சுழற்றிக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். கூடவே கத்தினார்.

"காது இன்னா செவுடா? பொண்ண காலேஜில சேத்துவுடுன்னு எத்தினி வாட்டிய்யா சொல்றது? வெள்ளிக்கெயம கடைசி நாளு..."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. காதில் விழவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்த ஆளுக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்திருக்கிறது.