குளியலறைக்குள் ஒரு தீவு

என் கணவருக்கு அந்தமானில் துறைமுக அலுவலக வேலை. மகள் பிறந்த பிறகு முதல் முறையாக உத்தனப்பள்ளிக்கு விடுப்பில் வந்தவர், திரும்பும்போது எங்களையும் அழைத்துப் போவதாகச் சொன்னார். மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

"நீ வேணா போ கண்ணு. கொழந்தைய எங்கிட்ட உட்டுட்டுப் போ" என்றார் அத்தை, அவருடைய அம்மா.

பிள்ளையை விட்டுப் போவதா, அவரை மறுபடி தனியே அனுப்புவதா, எல்லோருமாகக் கப்பலேறுவதா? காலையில் ஒன்று முடிவு செய்வேன். மாலைக்குள் அது மாறிவிடும்.

பள்ளியில் எனக்குப் பூகோளம் நன்றாக வரும். அந்தத் தீவுகளுக்கு இரண்டு பருவக்காற்றும் மழை தரும், ஆண்டில் பாதிக்கு மேல் நனைந்தே கிடக்கும் என்பது மனப்பாடம். எங்கள் பக்கத்திலோ மழை என்றால் குளிர். ஆடிச் சாரலுக்கே கம்பளி கேட்கும் மேட்டு நிலம் இது. ஆகவே எதற்கும் இருக்கட்டும் என்று தொப்பி, காலுறை, சட்டை எல்லாம் கம்பளி நூலில் பின்னிக் குவித்தேன்.

கணவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாருக்கு இதெல்லாம்? அங்க மார்கழியில கூட வேர்க்கும். மழை நின்னா மண்ணுலேர்ந்து ஆவி கிளம்பும். துணி காயாது. டப்பாவுல உப்பு தண்ணியா நிக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் குளிர் பயம் போய் வேர்க்குரு பயம் வந்தது.

அந்தப் புழுக்கத்தை மகள் தாங்குவாளா என்று மறுநாள் ஒரு சோதனை செய்து பார்த்தேன். குளியலறை அண்டாவில் வெந்நீர் தளதளவென்று கொதித்தது. மூடியை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு, அண்டாவை விட்டுத் தள்ளி மணையில் உட்கார்ந்தேன். அறை முழுக்க ஆவி. இது தீவின் அளவுதானா, கூடுதலா என்று நான் யோசிக்கும்போதே அவள் மூக்கு நுனியில் வேர்வை முத்து கட்டியது. சிணுங்கினாள், பிறகு வீறிட்டாள்.

கதவு படாரென்று திறந்தது.

"அடிப் பாவி, கொழந்தைய இட்டிலியா அவிக்கறே?" என்றார் அத்தை.

வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. மகள் அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்து அந்தக் காற்றைக் கடிக்கப் பார்த்தாள்.

பின்னாலேயே வந்த கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தீவுன்னு சொல்லிட்டு கதவ சாத்திட்டியே! நாலு பக்கமும் கடல் இருக்கற ஊருக்குக் கதவேது?"

பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாக. அதனால் கடலிலிருந்து நிலத்துக்குக் காற்று வீசும். பரீட்சையில் இதற்குப் படமே வரைந்திருக்கிறேன், அம்புக்குறியோடு. அந்த அம்பு ஒரு குழந்தையின் முகத்தில் வந்து படும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"அங்க நம்ம வீட்டு ஜன்னல் எந்தப் பக்கங்க?"

"கடலப் பாத்துதான். உப்புக் காத்துல கொக்கி துருப்புடிச்சுப் போச்சு. நான் தொறக்கறதே இல்ல."

"அந்த அடைச்ச வீட்டுக்குள்ளயா எங்களக் கூட்டிட்டுப் போறதா இருந்தீங்க?"

"போனதும் தொறந்துடறேன்."

"வேணாம், நானே தொறக்கறேன். வெளக்கெண்ண கொண்டு வர்றேன்."

அத்தை நிமிர்ந்தார். "அப்ப இவளும் போறாளா?"

"போறா அத்தை."

அவர் முந்தானையால் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு புட்டியா எடுத்துக்க. ஒண்ணு ஜன்னலுக்கு, ஒண்ணு இவ தலைக்கு."